பிராம்ப்ட்ல கட்டம் கட்டமா வருதா?

யூடியூப்ல அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. கறுப்புத் திரை, கலர் கலரா அம்புக்குறி, ஃபோல்டர் பேருக்குப் பக்கத்துல குட்டி ஃபோல்டர் படம், கிட் கிளைக்கு ஒரு கிளைச் சின்னம், பைத்தான் ஓடுதுன்னா ரெண்டு பாம்பு. "நம்ம டெர்மினலும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்!"னு ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஓ மை பாஷோ, ஸ்டார்ஷிப்போ, பவர்லெவல்10கே-வோ இன்ஸ்டால் பண்ணியிருப்பீங்க. மூடித் திறந்தா அம்பும் இல்ல, பாம்பும் இல்ல. வரிசையா வெறும் கட்டம்.

எனக்கும் அதுதான் நடந்துச்சு. லீவுக்கு ஓமந்தூர் வீட்டுக்கு வந்திருந்தேன். மறுநாள் மினி புராஜெக்ட் ரிவியூ. படிக்க வேண்டிய நேரத்துல பிராம்ப்ட்டை அழகுபடுத்தப் போய், ரெண்டு மணி நேரம் போச்சு. தீமை மாத்தினேன், திரும்ப இன்ஸ்டால் பண்ணினேன், லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணினேன். கட்டம் அப்படியே இருந்துச்சு. ஏன்னா நான் சரிபண்ணிக்கிட்டு இருந்த இடத்துல கோளாறே இல்ல.

அந்த ரெண்டு மணி நேரம் உங்களுக்கு மிச்சமாகணும்னுதான் இதை எழுதுறேன். கட்டளைகளை வாயால சொல்லுற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன். டைப் பண்ணும்போது ஆங்கில எழுத்துல போட்டுக்கோங்க.

கட்டம் எங்கிருந்து வருது?

முதல்ல ஒரு விஷயம். பிராம்ப்ட் புரோகிராம் எந்தப் படத்தையும் திரைக்கு அனுப்புறது இல்ல. எண்ணைத்தான் அனுப்புது. "57520-ஐக் காட்டு"ன்னு சொல்லும். அந்த எண்ணுக்கு என்ன உருவம்னு முடிவு பண்றது ஃபான்ட். ஃபான்ட்ல அந்த எண்ணுக்கு அம்பு வரைஞ்சிருந்தா அம்பு வரும். ஒண்ணுமே இல்லன்னா கட்டம் வரும். இந்தக் கட்டத்துக்கு டோஃபுன்னு பேரு, பார்க்க டோஃபுத் துண்டு மாதிரி இருக்கிறதால. கூகுளோட நோட்டோ ஃபான்டுக்கு அந்தப் பேரு வந்ததே 'நோ டோஃபு', அதாவது கட்டமே வரக்கூடாதுங்கிற எண்ணத்துலதான்.

அப்போ தமிழ் எழுத்து மட்டும் எப்படி எல்லா மெஷின்லயும் ஒழுங்கா வருது? தமிழுக்கு யூனிகோட்ல 2944-லிருந்து 3071 வரைக்கும் 128 இடம் ஒதுக்கியிருக்காங்க. 'க'வோட எண் 2965. திண்டிவனத்துல திறந்தாலும் டொரண்டோவுல திறந்தாலும் அது 'க'தான். உலகமே ஒத்துக்கிட்ட எண்.

பிராம்ப்ட்ல வர்ற சின்னங்களுக்கு அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட எண் கிடையாது. யூனிகோட்ல 57344-லிருந்து 63743 வரை 6400 இடத்தை யாருக்கும் ஒதுக்காம விட்டிருக்காங்க. பேரு தனிப் பயன்பாட்டுப் பகுதி. "இங்க யார் வேணா என்ன வேணா வெச்சுக்கோங்க, நாங்க தலையிட மாட்டோம்"ங்கிறதுதான் விதி. பவர்லைன் அம்புகள், ஃபான்ட் ஆசம் படங்கள்னு பல தொகுப்புகள் இந்தப் பகுதியிலதான் இருக்கு. இதையெல்லாம் திரட்டி, நாம கோடிங்குக்குப் பயன்படுத்துற ஃபான்ட்களோட ஒட்டவெச்சுத் தர்ற திட்டம்தான் நெர்ட் ஃபான்ட்ஸ். 10,000-க்கும் மேல சின்னங்கள். சாதாரண ஃபான்ட்ல இவை இருக்காது. அதனாலதான் கட்டம்.

முதல்ல சோதனை, அப்புறம் வைத்தியம்

கண்ணை மூடிக்கிட்டு எதையும் மாத்தாதீங்க. கட்டம் தெரியுற அதே டெர்மினல்ல பைத்தானைத் திறந்து மூணு வரி போடுங்க:

பிரின்ட்(சிஎச்ஆர்(2965))
பிரின்ட்(சிஎச்ஆர்(57520))
பிரின்ட்(சிஎச்ஆர்(61595))

முதல் வரிக்கு 'க' வரணும். ரெண்டாவதுக்கு வலப்பக்கம் பார்க்கிற முக்கோண அம்பு. மூணாவதுக்கு கிட்ஹப் பூனை. மூணும் வந்தா உங்க ஃபான்ட் நல்லா இருக்கு, தப்பு தீம் ஃபைல்ல. 'க' மட்டும் வந்து மத்த ரெண்டும் கட்டம்னா ஃபான்ட் பிரச்சினை. 'க'வுக்கே கேள்விக்குறியோ எரரோ வந்தா ஃபான்ட் வரைக்கும் போகவே வேணாம், எண் வழியிலேயே கெட்டுப்போகுது.

அம்பு வருது, பூனை மட்டும் வரலன்னா? அதுவும் ஃபான்ட் பிரச்சினைதான். விஎஸ் கோட் மாதிரி சில டெர்மினல்கள் பவர்லைன் அம்புகளை ஃபான்ட்டைக் கேக்காம தாங்களே வரைஞ்சிடும். அம்பைப் பார்த்துட்டு "ஃபான்ட் வேலை செய்யுது"ன்னு நம்பி நான் ஏமாந்தேன். பூனையை நம்புங்க.

வைத்தியம் 1: ஃபான்ட் போடுறது, தேர்ந்தெடுக்கிறது

இது ரெண்டு வேலை. நிறைய பேர் முதல் வேலையோட நிறுத்திடுறாங்க.

விண்டோஸ்ல நெர்ட் ஃபான்ட்ஸ் தளத்துலிருந்து ஒரு ஃபான்ட் ஜிப்பை இறக்குங்க. மெஸ்லோ, ஜெட்பிரெயின்ஸ் மோனோ, எது பிடிக்குதோ அது. பிரிச்சு, ஃபைல்களைத் தேர்வு பண்ணி, ரைட் கிளிக் செஞ்சு 'எல்லா யூசருக்கும் இன்ஸ்டால்' கொடுங்க. லேப் மெஷின்ல அட்மின் அனுமதி இல்லன்னா வெறும் 'இன்ஸ்டால்' போதும், உங்க லாகினுக்கு மட்டும் சேரும். ஓ மை பாஷ் வெச்சிருக்கிறவங்க இன்னும் சுலபமா 'ஓ-மை-பாஷ் ஃபான்ட் இன்ஸ்டால் மெஸ்லோ'ன்னு ஒரே கட்டளையில முடிக்கலாம்.

ரெண்டாவது வேலை, அந்த ஃபான்டைத்தான் பயன்படுத்தணும்னு டெர்மினலுக்குச் சொல்றது. விண்டோஸ் டெர்மினல்ல கன்ட்ரோலும் கமாவும் சேர்த்து அழுத்துங்க. புரொஃபைல்ஸ்ல டிஃபால்ட்ஸ், அதுக்குள்ள அப்பியரன்ஸ், அதுல ஃபான்ட் ஃபேஸ். அங்க 'நெர்ட் ஃபான்ட்'னு முடியுற பேரைத் தேர்ந்தெடுத்து சேவ் பண்ணிட்டு, டெர்மினலை முழுசா மூடித் திறங்க.

லினக்ஸ்ல ஃபான்ட் ஃபைல்களை உங்க ஹோம்ல 'டாட் லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ்' ஃபோல்டர்ல போட்டுட்டு 'எஃப்சி-கேஷ் மைனஸ் எஃப்வி' கொடுங்க. 'எஃப்சி-லிஸ்ட்' கொடுத்து, வர்ற பட்டியல்ல 'நெர்ட்'னு கிரெப் பண்ணிப் பார்த்தா சேர்ந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும். அப்புறம் டெர்மினல் பிரிஃபரன்ஸ்ல கஸ்டம் ஃபான்டை டிக் பண்ணித் தேர்ந்தெடுங்க.

பட்டியல்ல பேரைத் தேடும்போது கொஞ்சம் கவனம். காஸ்கேடியா கோடைத் தேடினா கிடைக்காது; 'காஸ்கேடியா கோவ்' மாதிரி திரிஞ்ச ஒரு பேர்ல இருக்கும். சோர்ஸ் கோட் புரோ 'சாஸ் கோட் புரோ' ஆகியிருக்கும். மூல ஃபான்டோட உரிமம், மாத்தின பதிப்புக்கு அதே பேரை வெக்க விடாது, அதனால இந்தக் கூத்து. 2024-லிருந்து மைக்ரோசாஃப்டே காஸ்கேடியாவுக்குச் சின்னங்கள் சேர்த்த பதிப்பை 'என்எஃப்'னு பின்னொட்டு போட்டு வெளியிடுது. அதை எடுத்தா இந்தக் குழப்பம் இல்ல.

வைத்தியம் 2: எந்த மெஷின்ல போடணும்?

என்னோட ரெண்டு மணி நேரத்தைத் தின்னது இதுதான். நான் விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் போட்டு உபுண்டு ஓட்டுறேன். ஃபான்டை உபுண்டுக்குள்ள ஜாக்கிரதையா இன்ஸ்டால் பண்ணியிருந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்ல. உபுண்டு எண்ணை அனுப்புது, திரையில வரையுறது விண்டோஸ். ஃபான்ட் விண்டோஸ்ல இருக்கணும்.

எஸ்எஸ்எச்ல ராஸ்பெர்ரி பை-க்கோ கிளவுட் சர்வருக்கோ போனாலும் இதே கதைதான். சர்வர்ல ஃபான்ட் போடாதீங்க. நீங்க எந்தத் திரையைப் பார்க்கிறீங்களோ, அந்த மெஷின்ல போடுங்க.

இன்னொண்ணு, விண்டோஸ் டெர்மினல்ல சரியா வந்து விஎஸ் கோடுக்குள்ள மட்டும் கட்டம் வந்தா பதறாதீங்க. விஎஸ் கோடுக்குத் தனி செட்டிங். செட்டிங்ஸ்ல 'டெர்மினல் ஃபான்ட் ஃபேமிலி'ன்னு தேடி, அங்கயும் அதே ஃபான்ட் பேரை எழுத்துப்பிழை இல்லாம போடுங்க.

வைத்தியம் 3: கட்டம் இல்ல, வேற என்னவோ வருது

வர்ற உருவத்தை வெச்சே நோயைச் சொல்லிடலாம்.

சின்னம் பாதி வெட்டுப்பட்டு வருதா, இல்ல ரொம்பப் பொடிசா இருக்கா? ஒரே ஃபான்டுக்கு மூணு பதிப்பு இருக்கு. 'மோனோ'ன்னு முடியுறதுல சின்னம் ஒரு எழுத்தோட அகலத்துக்குள்ள அடங்கும், பொடிசா தெரியும். வெறும் 'நெர்ட் ஃபான்ட்'ல பெரிசா இருக்கும், சில டெர்மினல்ல பக்கத்து எழுத்தை இடிக்கும். 'புரோப்போ' டெர்மினலுக்கு ஆனது இல்ல. முதல் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க.

சின்னம் வர வேண்டிய இடத்துல சீன எழுத்து மாதிரி ஏதாவது வருதா? தீம் பழசு, ஃபான்ட் புதுசு. நெர்ட் ஃபான்ட்ஸ் முன்னாடி மெட்டீரியல் டிசைன் சின்னங்களை 62720-லிருந்து 64838 வரை வெச்சிருந்தாங்க. ஆனா தனிப் பகுதி 63743-லயே முடிஞ்சிடுது. அதைத் தாண்டின இடம் சீன, அரபு எழுத்துகளுக்கு ஏற்கெனவே பட்டா போட்ட நிலம். 2023-ல வந்த மூணாவது பதிப்புல தப்பைத் திருத்தி, அந்தச் சின்னங்களை 983041-லிருந்து ஆரம்பிக்கிற பெரிய தனிப் பகுதிக்கு மாத்திட்டாங்க. பழைய தீம் பழைய எண்ணையே கேக்கும். தீமைப் புதுப்பிங்க. கைப்பட எழுதின கான்ஃபிகரேஷன்னா 'நெர்ட்ஃபிக்ஸ்'ங்கிற கருவி பழைய எண்களைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கும்.

தொப்பி போட்ட ஆங்கில 'ஐ', ஒரு கமா, ஒரு டிகிரி அடையாளம்னு மூணு மூணா குப்பை வருதா? ஒரு அம்பு யூடிஎஃப்-8ல மூணு பைட். பழைய பவர்ஷெல் 5.1 உங்க ஸ்கிரிப்டை யூடிஎஃப்-8ன்னு தெரியாம, ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தா படிச்சிடுச்சு. ஃபைலை 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்'னு சேவ் பண்ணுங்க, இல்ல பவர்ஷெல் 7-க்கு மாறுங்க. லினக்ஸ்ல கேள்விக்குறி வந்தா 'லோகேல்'னு அடிச்சுப் பாருங்க. 'யூடிஎஃப்-8'னு முடியலன்னா அதை மாத்துங்க.

எதுவுமே முடியல, ஃபான்ட் போடவே அனுமதி இல்லாத மெஷினா? சின்னம் இல்லாத தீமுக்குப் போயிடுங்க. ஸ்டார்ஷிப்ல 'பிளெயின் டெக்ஸ்ட் சிம்பல்ஸ்' பிரீசெட் இருக்கு. ஓ மை பாஷ்ல 'மினிமல்'னு பேர் வர்ற தீம்களுக்கு நெர்ட் ஃபான்ட் வேண்டாம். 'பி10கே கான்ஃபிகர்' கொடுத்தா பவர்லெவல்10கே "இது டைமண்ட் மாதிரி தெரியுதா?"ன்னு உங்ககிட்டயே கேட்டு, தெரியலன்னா சின்னம் இல்லாமலே அமைச்சுக்கும்.

அந்தப் பாம்பு யாரு?

இதோட முடிச்சிருப்பேன். ஆனா ஒரு எண்ணைத் துழாவும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு.

ஓ மை பாஷ் பைத்தானுக்குக் காட்டுற பாம்புச் சின்னத்தோட எண் 57909. அதே 57909-க்கு நம்ம தமிழ்நாட்டுல இன்னொரு பொருள் இருக்கு: 'சு'.

யூனிகோட்ல தமிழுக்கு 128 இடம்தான்னு சொன்னேன் இல்ல? அதுல எல்லா உயிர்மெய்யும் அடங்காது. 'சு'ங்கிறதை 'ச' 2970, உகரக் குறி 3009னு ரெண்டு எண்ணாதான் சேமிக்கும். உயிர்மெய் ஒவ்வொண்ணுக்கும் ஒரே எண் வேணும்னு நம்ம ஆளுங்க டேஸ்-16ன்னு ஒரு குறியீட்டை உருவாக்கினாங்க. 2010 ஜூன்ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமா ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு. டேஸ்-16ல கணக்கு ரொம்ப அழகு. 'ச்' 57904, உயிர் வரிசையில 'உ' அஞ்சாவது, ரெண்டையும் கூட்டினா 'சு' 57909. புணர்ச்சியையே கூட்டல் கணக்கா பண்ணிட்டாங்க.

ஆனா அவ்வளவு எழுத்தை வெக்க இடம்? அதே தனிப் பயன்பாட்டுப் பகுதிதான். நெர்ட் ஃபான்ட்ஸ்காரங்க பாம்பை வெச்ச அதே நிலம்.

எங்க ஊர்ல 'பெரிய வீடு'ன்னு சொன்னா எந்த வீடுன்னு எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஊர்ல போய் 'பெரிய வீடு எங்க?'ன்னு கேட்டா, அவங்க ஊர்ல இருக்கிற பெரிய வீட்டைக் காட்டுவாங்க. பொய் சொல்லல. நாம கேட்ட வீடு அது இல்ல, அவ்வளவுதான். தனிப் பகுதி எண்களும் அப்படித்தான். டேஸ்-16ல எழுதின ஒரு கட்டுரையை அந்த ஃபான்ட் இல்லாத, நெர்ட் ஃபான்ட் இருக்கிற டெர்மினல்ல திறந்தா 'சு' வர்ற இடமெல்லாம் பாம்பு படுத்திருக்கும்.

பாம்பைப் பார்த்துட்டு தாத்தாவுக்கு வந்தேன்

சிரிச்சுட்டு விட்டுடலாம்னுதான் நினைச்சேன். முடியல. ஏன்னா எங்க வீட்டு அலமாரியில ஒரு சிடி இருக்கு.

சென்னையில ஓமந்தூரார் மருத்துவமனையைத் தாண்டிப் போயிருப்பீங்க. 1947-லிருந்து 1949 வரை சென்னை மாகாணத்தோட பிரதமரா இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் எங்க ஊர்க்காரர். அவரைப் பத்தியும், அந்தக் காலத்து ஊரைப் பத்தியும், ஏரியைப் பத்தியும் எங்க தாத்தா ஆறு பக்கம் எழுதினார். ஊர்ல போட்ட ஒரு மலருக்காக. டிடிபி கடையில அடிச்சு, அச்சாகி வந்துச்சு. அச்சான மலர் இப்போ எங்க வீட்டுல இல்ல. கைப்பிரதியும் இல்ல. தாத்தாவும் இல்ல. அந்த சிடியில இருக்கிற வேர்ட் ஃபைல் மட்டும்தான் மிச்சம்.

போன வருஷம் அதைத் திறந்தப்போ ஆங்கில எழுத்தா கொட்டுச்சு. 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்'. வைரஸ்னு நினைச்சு அப்பா மூடிவெச்சுட்டார். அந்த ராத்திரி பிராம்ப்ட் சரியானதும் சிடியைத் தேடி எடுத்தேன். ஃபான்ட் பேர் இருக்கிற இடத்துல 'பாமினி'ன்னு இருந்துச்சு.

பாமினி தனிப் பகுதிக்குக்கூடப் போகல. ஆங்கில எழுத்தோட இடத்துலயே தமிழை வரைஞ்சு வெச்ச ஃபான்ட் அது. 'எம்' இருக்கிற இடத்துல 'அ', 'கே' இருக்கிற இடத்துல 'ம', அரைப்புள்ளிதான் மெய்யோட புள்ளி, 'எச்' துணைக்கால். இப்போ அந்த அஞ்சு எழுத்தைத் திரும்பப் படிச்சுப் பாருங்க: அம்மா. அந்தக் காலத்துல இப்படி ஆளாளுக்கு ஒரு ஃபான்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறியீடு. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்கு அப்புறம் டாப், டாம்னு ரெண்டு தரம் வந்துச்சு. அதுக்கும் அப்புறம்தான் யூனிகோட் பரவலாச்சு. அதுவரைக்கும் அடிச்ச நோட்டீஸ், மலர், குடும்ப வரலாறு எல்லாம் எந்த ஃபான்ட்ல அடிச்சாங்களோ அந்த ஃபான்ட் இருந்தாத்தான் தமிழ்.

பாமினியை இன்ஸ்டால் பண்ணினேன். ஆறு பக்கமும் அப்படியே எழுந்து வந்துச்சு. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு ரெண்டு தடவை படிச்சார். அடுத்த நாள் ரிவியூ சுமாராத்தான் போச்சு, அது வேற கதை.

உங்க வீட்டுல இருந்தா

பழைய ஃபைல் ஏதாவது குப்பையா திறந்தா அழிச்சுடாதீங்க. முதல்ல மூல ஃபைலை ஒரு நகல் எடுத்து வெச்சுக்கோங்க. வேர்ட்ல திறந்து, எழுத்தைத் தேர்வு பண்ணி, மேல ஃபான்ட் பேர் என்னன்னு பாருங்க. அந்த ஃபான்ட் உங்க மெஷின்ல இல்லன்னாலும் பேர் மட்டும் ஃபைலுக்குள்ள இருக்கும். பேர் கிடைச்சா குறியீடு தெரிஞ்சிடும். அந்தக் குறியீட்டுலிருந்து யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர்ல போடுங்க. முழுசா அப்படியே கொட்டாதீங்க; நடுவுல நிஜமாவே ஆங்கிலத்துல அடிச்ச வார்த்தை இருந்தா அதையும் தமிழ்னு நினைச்சு மாத்திக் குதறிடும். பத்தி பத்தியா மாத்தி, மூல ஃபான்ட்ல தெரியுறதோட ஒப்பிட்டுப் படிச்சுப் பாருங்க. வேர்ட் ஃபைலுக்குப் பதிலா வெறும் டெக்ஸ்டா காப்பி பண்ணி வெச்சிருந்தா ஃபான்ட் பேர் போயிடும், அப்போ எந்தக் குறியீடுன்னு ஒவ்வொண்ணா முயற்சி பண்ணித்தான் கண்டுபிடிக்கணும். அதனால தாமதிக்காதீங்க.

பிராம்ப்ட்ல பாம்பு வரலன்னா ஒரு ராத்திரி கோவம் வரும். சின்னம் இல்லாத தீம் போட்டுட்டுப் படுத்துடலாம். தாத்தா எழுதின ஆறு பக்கத்துக்கு அந்த வசதி கிடையாது.

எங்க வீட்டுப் பக்கங்கள்ல நாலு இப்போ யூனிகோட்ல இருக்கு. மிச்சம் ரெண்டு இந்த ஞாயித்துக்கிழமை. உங்க வீட்டு அலமாரியிலயும் ஒரு சிடி இருக்கான்னு இன்னிக்கு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.